வாலில்லாக் கோப்பும் இடது காதுக் கடுக்கனும்

கம்ப்யூட்டர் கோப்புகளுக்கு வால் உண்டு. முதலில் பெயர், அப்புறம் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் மூன்று நான்கு எழுத்து. அந்தக் கடைசி எழுத்துகளைத்தான் நான் வால் என்பேன். அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து, மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கும் பழகி, ஓய்வு பெற்றவள் நான். வாலைப் பார்த்தாலே இது கடிதம், இது படம், இது கணக்கு என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. அதனாலோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலே இல்லாத கோப்புகள் கூட்டமாக வந்து என் முன்னால் நின்றபோது எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவை என் கணவரின் தலையை ஸ்கேன் செய்து எடுத்த படங்கள். மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மண்டையோட்டில் துளை போட்டு, உள்ளே தேங்கி நிற்கும் ரத்தத்தை வடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மலையாள நாட்டில், கரமனையில், எங்கள் அக்ரஹாரத்து வீடுகளுக்கு நிலைவாசல் குட்டை. கட்டியவர்களே குட்டையோ, அல்லது உள்ளே வருகிறவன் குனிந்துதான் வரட்டும் என்று நினைத்தார்களோ, தெரியாது. என் கணவர் நெட்டை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தன் சொந்த வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொள்வதைப் பார்த்து வருகிறேன். இடித்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டைக் கட்டிய முப்பாட்டனைத் திட்டுவார், அதோடு சரி. இந்த வருஷம் ஆடி மழையில், இங்கே கர்க்கடக மழை என்பார்கள், குடையை மடக்கிக்கொண்டே அவசரமாக நுழைந்தவர் கொஞ்சம் பலமாகவே இடித்துக்கொண்டார். முப்பாட்டனுக்கு அன்றைக்குக் கூடுதலாகக் கிடைத்தது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

சில வாரங்கள் கழித்துத் தலைவலி என்றார். பிறகு இடது கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. ஒருநாள் என்றால் பரவாயில்லை, அடிக்கடி நழுவியது. அப்புறம் ஞாபகம். கரமனை ஸ்டாப்பில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இவரைத்தான் கேட்பார்கள். அவர் ஒருநாள் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்துவிட்டு, எங்கே போக வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். வந்து என்னிடம் அதைச் சொல்லாமல், பஸ் வரவில்லை என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமை ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போனோம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றியாயிற்று. மிச்சம் கடுக்கன். சிவப்புக்கல் கடுக்கன், அவர் அப்பா போட்டது. பாங்கில் வேலை பார்த்த காலம் முழுக்க அதைக் காதில் போட்டுக்கொண்டுதான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார், யார் கேலி செய்தாலும் கழற்றியதில்லை. வலது காதுக் கடுக்கனை நான் கழற்றிவிட்டேன். இடது காதில் திருகாணி இறுகிப்போயிருந்தது. நான் பார்த்தேன், மெஷின் ஓட்டுகிறவரும் பார்த்தார், காது சிவந்ததுதான் மிச்சம். இது காந்தத்தால் எடுக்கிற ஸ்கேன் இல்லை, பார்க்க வேண்டிய இடமும் அதற்கு மேலே என்பதால் அவர் விட்டுவிட்டார்.

"அது அவிடெ கிடக்கட்டே சேச்சி, சாரமில்ல," என்றார்.

ரிப்போர்ட்டில் தலையின் வலப்பக்கம் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய ரத்தம் என்று எழுதியிருந்தது. டாக்டரும் தன் தலையின் வலப்பக்கத்தைத் தட்டிக் காண்பித்தார். திங்கட்கிழமை காலையில் சேர்த்துவிடுங்கள், சின்னத் துளை, பயப்பட ஒன்றுமில்லை என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அவர் என் தலையில் துளை போட வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

சென்னையில் இருக்கும் என் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருத்தரைக் கேட்காமல் தலையில் கை வைக்க விடாதே என்றாள். அவள் குடியிருப்பில் மேல்மாடியில் நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார், பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், உடனே அனுப்பு என்றாள். நான் ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். அதில் ஜன்னல் கம்பியும், எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வேஷ்டியும் என் கணவரின் மூளையோடு சேர்ந்து விழுந்திருந்தன. இது உதவாது, கூடவே ஒரு சிடி கொடுத்திருப்பார்கள், அதில் உள்ள கோப்புகள்தான் வேண்டும் என்று மேல்மாடியிலிருந்து பதில் வந்தது.

என் லேப்டாப் பழசு. அதனால் சிடி போட அதில் இடம் இருந்தது. உள்ளே படம் பார்ப்பதற்கென்றே ஒரு புரோகிராமும் இருந்தது. அதைத் தட்டினால் இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று லேப்டாப் தடுத்தது. தடையை நீக்கித் தட்டினால் ஒரு கறுப்புக் கட்டம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. சரி போ என்று மற்ற கோப்புகளைத் திறக்கப் போனேன். அங்கேதான் அந்த வாலில்லாத கூட்டம். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, பிறகு எண்கள், அவ்வளவுதான். புள்ளியும் இல்லை, வாலும் இல்லை. எதைக் கொண்டு திறக்கட்டும் என்று லேப்டாப் என்னைக் கேட்டது. நான் யாரைக் கேட்பேன்?

சிடியில் இருப்பதை மாற்ற முடியாது. எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு நகலெடுத்து, ஒன்றுக்கு நானே ஒரு வால் வைத்தேன். படம்தானே என்று படத்துக்குரிய ஜேபெக் வால். கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்றது. பிடிஎஃப் வால் வைத்தேன். அதற்கும் அதே பதில், கொஞ்சம் வேறு வார்த்தையில். அலுவலகத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு, கடையின் பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே இருக்கிற சரக்கு மாறாது என்று அப்போதுதான் உறைத்தது. வால் என்பது உள்ளே இருப்பதைச் சொல்கிற பலகை, உள்ளே இருப்பது இல்லை.

கடைசியாக, எதிலும் திறக்காத கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கிற பழைய வித்தையைச் செய்தேன். கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக, சீனமோ என்னவோ எழுத்தாக ஒரே குப்பை. அதற்கு நடுவில் என் கணவரின் பெயர். வீட்டுப்பெயரின் முதலெழுத்தும் அப்பா பெயரின் முதலெழுத்தும் சேர்த்து முழுப்பெயர். கொஞ்சம் தள்ளி அவர் வயது. மறுபடி குப்பை. அந்த வாரங்களில் அவரும் அப்படித்தான் இருந்தார். சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டே போவார், நடுவில் ஒரு வார்த்தை மட்டும் அவராக இருக்கும். மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று நோட்பேட் கேட்டது. வேண்டாம் என்பதை மூன்று முறை பார்த்துவிட்டு அழுத்தினேன். என் விரல் பட்டு அவர் தலைக்குள் எதுவும் மாறிவிடக்கூடாதே என்று இருந்தது.

கோப்பின் ஆரம்பத்தில் வெற்றிடம் நிறைய, அதன் பின்னால் டி, ஐ, சி, எம் என்று நான்கு எழுத்து. எல்லாக் கோப்பிலும் அதே நான்கு. அதை இணையத்தில் தேடினேன். டைக்காம் என்று பேராம். உலகத்து ஆஸ்பத்திரிகள் ஸ்கேன் படங்களை வைத்துக்கொள்ளும் வகை. வால் அங்கே கட்டாயமில்லையாம், அடையாளம் உள்ளேயே இருக்கிறது. வறுவலுக்கு வாழைக்காய் சீவுகிற மாதிரி தலையைச் சீவல் சீவலாகப் படம் எடுக்கிறார்கள். ஒரு சீவலுக்கு ஒரு கோப்பு. நோயாளியின் பெயர், வயது எல்லாம் ஒவ்வொரு சீவலோடும் ஒட்டிக்கொண்டு போகும். திறப்பதற்குத் தனிப் புரோகிராம் வேண்டும், இலவசமாகவும் கிடைக்கிறது. ஒன்றை இறக்கிக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் இருந்தது குழப்பமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வளையம் வந்தது, உள்ளே சாம்பல் நிறம். மௌஸ் சக்கரத்தை உருட்டினால் உச்சந்தலையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகலாம். தேங்காய் மூடியை மேலிருந்து பார்க்கிற மாதிரிதான் இருந்தது. வளையத்தை ஒட்டி உள்பக்கம் பிறைபோல ஒரு மங்கல் பட்டை. அதுதான் ரத்தம் என்று எனக்கே தெரிந்தது, ஏனென்றால் அது மூளையை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அது திரையின் இடப்பக்கம் இருந்தது.

நான் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் என்றிருந்தது. திரையைப் பார்த்தேன். இடப்பக்கம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எந்தச் சீவலை எடுத்தாலும் ரத்தம் இடப்பக்கம்தான். போதாக்குறைக்கு, பலவீனமாகியிருப்பதும் அவருடைய இடது கை. இடது கை விழுகிறது, படத்தில் இடப்பக்கம் ரத்தம், ரெண்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ரிப்போர்ட் ஒன்றுதான் வலது என்கிறது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தானே தன் தலையின் வலப்பக்கத்தைத் தட்டினார்? டைப் அடிக்கிறவர்கள் வலதையும் இடதையும் மாற்றிப்போடுவது எனக்குத் தெரியாதா? நானே அந்த வேலை பார்த்தவள். நாளைக்கு இவர் தலையில் நல்ல பக்கத்தில் துளை போடப் போகிறார்கள்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். திரையின் இடது ஓரத்தில் ஆங்கில எழுத்து ஆர். வலது ஓரத்தில் எல். ஆர் என்றால் வலது, எல் என்றால் இடது, அது யாருக்கும் தெரியும். ஆனால் இடத்தை மாற்றி எழுதியிருக்கிறதே! புரோகிராம் கோளாறோ? இலவசமாகக் கிடைத்தது இப்படித்தான் இருக்கும் என்று அதைத் திட்டினேன். அல்லது நான்தான் எதையாவது அழுத்தி அவரைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ? மூடிவிட்டு மறுபடி திறந்தேன். ஆர் இடப்பக்கமே நின்றது.

அவர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்னவாக்கும் இத்தனை நேரமா பார்த்துண்டிருக்காய்?"

"உங்க தலையைத்தான்."

"உள்ள வல்லதும் இருக்கோ?" என்று கேட்டு, ஏதாவது இருந்தால்தான் ஆச்சரியம் என்பதுபோல் அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு. அன்றைக்கு நிலையில் எந்தப் பக்கம் இடித்தது என்று கேட்டேன். அவர் யோசித்தார். வலது கையை வலப்பக்கம் வைத்துப் பார்த்தார், பிறகு இடப்பக்கம் கொண்டுபோனார், பிறகு நடுவில் வைத்தார். இடித்ததா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன். ரிப்போர்ட் தப்பு, நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதில்லை, கையெழுத்தும் போடப்போவதில்லை என்றேன்.

"அக்கா, நீ ஒண்ணும் தீர்மானம் பண்ணாதே. அதை அனுப்பு, அவர் பார்த்துச் சொல்லட்டும். தள்ளிப்போட்டா ரத்தம் கூடிட்டே போகும்னார்."

இது வேறா? போனால் தப்பான பக்கத்தில் துளை, போகாவிட்டால் ரத்தம் கூடும். கோப்புகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினேன். எங்கள் வீட்டு இணையத்துக்கு அது பெரிய மூட்டை. நகருவேனா என்று நின்று நின்று போயிற்று. தெருமுனையில் லாட்டரி வண்டி ஸ்பீக்கர் வைத்து அதிர்ஷ்டத்தைக் கூவிக்கொண்டிருந்தது. சமைக்கத் தோன்றவில்லை. காலை இட்டிலியையே அவருக்குத் தயிர் ஊற்றிக் கொடுத்தேன். டாக்டர் சாயங்காலம்தான் பார்ப்பார் என்று செய்தி வந்தது.

சும்மா இருக்க முடியாமல் மறுபடி திரை முன்னால் உட்கார்ந்து உருட்டினேன். காலையில் ரத்தத்தைத் தேடிக்கொண்டிருந்ததால் மேல் சீவல்களோடு நின்றுவிட்டேன். இப்போது கீழே இறங்கினேன். கண்குழி வந்தது, மூக்குத்தண்டு வந்தது. காது வரும் உயரத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வெடித்தது. தலைக்கு வெளியே, ஓரத்தில், நட்சத்திரமாக ஒரு வெள்ளை, அதிலிருந்து படம் முழுக்கக் கதிர் கதிராகக் கோடுகள். இது என்ன, புதுசாக ஒரு வியாதியா? அடுத்த சீவலில் இன்னும் பெரிதாக. அதற்கடுத்ததில் இல்லை. காதில் மட்டும் வருகிற வியாதி எது?

கடுக்கன்!

கழற்ற முடியாமல் விட்ட சிவப்புக்கல் கடுக்கன். உலோகம் இருக்கக்கூடாது என்றது இதற்குத்தான். சிரிப்பாக வந்தது. இது இவர் தலைதான், வேறு யாருடையதும் இல்லை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. ஏனென்றால் நட்சத்திரம் திரையின் வலப்பக்கம் இருந்தது. மாட்டிக்கொண்ட கடுக்கன் இடது காதில் அல்லவா?

இடதுதானா? எனக்கு என் பேரிலேயே சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போனேன். அவர் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே நின்று, கடுக்கன் இருந்த காதைத் தொட்டேன். தொட்டது என் வலது கை.

அப்படியே நின்றேன். முன்பெல்லாம் எத்தனை நாள் அந்தத் திருகாணியை நான் எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருகியிருக்கிறேன்! எப்போதும் அவருக்கு முன்னால் நின்றுதான். என் வலது கை பக்கம் இருப்பது அவருடைய இடது காது. அது என் கைக்குத் தெரியும், புத்திக்குத்தான் தெரியவில்லை. படத்தில் அவர் எனக்கு எதிரே இருக்கிறார். என்னைப் பார்த்துக்கொண்டு. நான் காலையிலிருந்து அவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்திருக்கிறேன். அப்படியானால் கடுக்கன் சரியாகத்தான் இருக்கிறது. ஆர் சரி. ரத்தம் அவருடைய வலப்பக்கம். ரிப்போர்ட்டும் சரி. முகம் தெரியாத அந்த டைப்பிஸ்டிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"என்னடி, காதைப் பிடிச்சுண்டு நிக்கறாய்?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லி முடிக்கவில்லை, அடுத்தது வந்து நின்றது. ரத்தம் வலப்பக்கம் என்றால் இடது கை ஏன் விழுகிறது? ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகியது. சாயங்காலம் வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். நான் குட்டை, நிலை என்னை இடிக்காது. விளக்கேற்றுகிற நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். மேல்மாடி டாக்டர் எல்லாச் சீவலையும் பார்த்துவிட்டார். வலப்பக்கம்தான், மூளையின் வலப்பக்கம்தான் இடது கையை ஆட்டிவைக்கிறது, எல்லாம் பொருந்துகிறது, நாளைக்கே செய்துவிடுங்கள், ஒரு நாளும் தள்ளாதீர்கள் என்றாராம். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். பரீட்சையோடு அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தெரிந்துகொண்டேன் என்றுதான் சொல்லலாம். நம்பினேன் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சம்மதப் பத்திரத்தை நீட்டியபோது, வலது என்ற வார்த்தையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன். ஒரு நர்ஸ் வந்து அவர் வலது நெற்றிக்கு மேலே மை பேனாவால் அம்புக்குறி போட்டாள். நான் எழுந்து அவர் பின்னால் போய் நின்று, அவர் பார்க்கும் திசையையே நானும் பார்த்து, என் வலது கையை அவர் வலது தோளில் வைத்துச் சரிபார்த்தேன். நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கடுக்கனோடு தியேட்டருக்குள் விடமாட்டோம், கழலாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொல்லி, சொட்டுச் சொட்டாக விட்டு, பொறுமையாகத் திருகினேன். அவர் வலிக்கிறது என்று முனகினார். கடைசியில் திருகாணி அசைந்துகொடுத்தது. கல்லையும் திருகாணியையும் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தப்பான பக்கம் என்று ஒரு நிமிஷம் நிச்சயமாகத் தோன்றும். அடுத்த நிமிஷம் எழுந்து சுவரைப் பார்த்து நின்று, அவர் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு வலது கையை நீட்டி, கடுக்கன் இங்கே, அப்படியானால் ரத்தம் அங்கே என்று கணக்குப் போடுவேன். சரியாக வரும். உட்கார்ந்ததும் மறுபடி எல்லாம் தலைகீழாகிவிடும்.

மறுநாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய், மழித்த தலையோடு ஆள் பாதியாகியிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில், அவருக்கு நேர் எதிரே நின்றேன். கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்கப் பயமாக இருந்தது. அதனால் வேறு கேட்டேன்.

"ஏன்னா, இடது கையைக் கொஞ்சம் தூக்குங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. நான் இரண்டாவது முறை சொல்ல வாயெடுத்தபோது போர்வை அசைந்தது. என் வலது கை பக்கம். ஒரு கை மெதுவாக எழுந்து, நடுங்கி, விழுந்துவிடும் என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டபோது விழாமல், மார்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, காதுக்குப் போயிற்று. விரல்கள் காது மடலைத் தடவின. துளையைத் தடவின. மறுபடியும் தடவின.

"கடுக்கன் எங்கடி?" என்றார்.

எங்கிட்டதான் இருக்கு என்றேன். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அவிழ்த்துக்கொண்டே அழுதேன்.